ஆளில்லாத வயல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பதில் தெரிந்தும் வாயைத் திறக்காத பிள்ளைகளைக் கண்டால் இன்னும் சீக்கிரம் வரும். அன்றைக்கு எட்டாம் வகுப்பு முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

திருவையாற்றுக்கு அப்பால் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி அது. மிராசுதார் சாரங்கபாணி கட்டியது, மேனேஜரும் அவரே. நான் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற இங்கிலீஷ் டீச்சர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு வாக்கியங்களை ‘ஹூ’, ‘விச்’ போட்டு ஒன்றாக்கும் பாடம் நடந்துகொண்டிருந்தது.

தமிழில் இதற்குக் கஷ்டமே இல்லை. ‘மாடு மேய்க்கிற பையன்’ என்று பையனுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம். இங்கிலீஷில் பையன் முதலில் வந்து நிற்பான். அவன் என்ன செய்கிறான் என்பது பின்னால் வரும். இது பிள்ளைகளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அதனால் அவர்களையே சொற்களாக நிற்க வைத்தேன். ‘விச்’ எழுந்தால் ‘இட்’ உட்கார வேண்டும். ‘இட்’ உட்கார மறுத்து அடம்பிடிக்கும், வகுப்பு சிரிக்கும். இரண்டே நாளில் பாடம் பிடிபட்டுவிட்டது.

மூன்றாம் நாள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டிக் கேட்டேன். “திஸ் இஸ் த ஃபீல்ட். மை ஃபாதர் ப்ளவ்ஸ் இட். சேர்த்துச் சொல்லுங்க.”

யாரும் எழவில்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரி மலர்கொடி. அவளை எழுப்பினேன். “திஸ் இஸ் த ஃபீல்ட் விச் இஸ் க்ரீன்” என்றாள். நான் கேட்டது அதுவல்ல என்றேன். அடுத்தவன் தண்ணீர் நிற்கிற வயல் என்றான். இன்னொருத்தி நண்டு ஓடுகிற வயல் என்றாள். இலக்கணம் எல்லாம் சுத்தமாக இருந்தது. வயல் வந்தது, தண்ணீர் வந்தது, நண்டுகூட வந்தது. உழுகிற ஆள் மட்டும் வரவே இல்லை.

முதலில் கத்தினேன். பிறகு எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. முரண்டு பிடிக்கிற பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இவர்கள் ஆளுக்கொரு வாக்கியம் புதிதாகச் செய்து தருகிறார்களே, இத்தனை சாமர்த்தியம் எதை மறைக்க? பாடத்தைவிட அதுதான் அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது மலர்கொடியின் அப்பா மாரியப்பன் வந்தார். முழங்கால் வரை சேறு. கொஞ்சம் தள்ளியே நின்றார்.

“டீச்சர், அந்த வயல் கேள்விய மட்டும் விட்டுடுங்க.”

“ஏங்க? பாடத்துல இருக்கிறதைத்தானே கேட்டேன்.”

“பாடந்தானுங்களா? நீங்களும் தாசில்தாரய்யாவும் ஒரே பஸ்லதான வந்து எறங்குனீங்க. அவரு ஒங்ககிட்டதான வழி கேட்டாரு. ஊர்ல எல்லாம் பேசிக்கிறாங்க, புள்ளைங்க வாயப் புடுங்க ஒங்கள அனுப்பிருக்காங்கன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்காததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த சமயம் அது. மதகுப் பாலத்தில் ஒரு பக்கம் கருப்பு சிவப்புக் கொடி, மறுபக்கம் வெறும் சிவப்பு. பெயர் ஏறிவிட்டால் வயலை விட்டு லேசில் விரட்ட முடியாது. சாரங்கபாணி முந்திக்கொண்டார். குத்தகை என்று எவனாவது வாயைத் திறந்தால் அடுத்த போகத்துக்கு வயலில் கால் வைக்க முடியாது என்று வீடு வீடாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

“சொல்லாம இருந்தா மட்டும் வயல் நிக்குமா?” என்றேன்.

“நிக்காதுதான். எங்கப்பா காலத்துலேருந்து உழுவுறோம். இன்னிக்கு எறங்குன்னா எறங்கணும். ஆனா சொன்னா நாளைக்கே போயிருமே.” அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “புள்ளைங்களுக்கும் சொல்லி வச்சிருக்கோம். அதான் ஒங்களுக்கு நண்டு கெடச்சுது.”

இனி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பஸ்ஸில் போகிற வழியெல்லாம் என் மேலேயே எரிச்சல்பட்டேன்.

கார்த்திகை மழையில் சாவடி ஒழுகியதால் தாசில்தாரின் குத்தகை விசாரணை எங்கள் பள்ளிக்கூட ஹாலிலேயே நடந்தது. ஹாலில் ஒரு பாதி அவருக்கு, மறுபாதி என் வகுப்புக்கு. நடுவில் ஒரு தட்டிகூட இல்லை. சாரங்கபாணி நாற்காலியில் இருந்தார். மாரியப்பனும் மற்றவர்களும் தரையில். எந்த வயலைக் கேட்டாலும் “சொந்தப் பண்ணை, கூலிக்கு ஆள் விட்டுச் செய்றேன்” என்றார் சாரங்கபாணி. தரையிலிருந்து “ஆமாங்க” வந்தது.

தாசில்தார் சலித்துப்போய் என் பக்கம் திரும்பினார். “என்ன பாடம் நடக்குது?” சொன்னேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அதோ தெரியுதே வயல், அதைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்.”

மலர்கொடி எழுந்து பச்சை வயல் என்றாள். நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். முதல் பெஞ்சிலிருந்து மங்களாம்பிகை எழுந்தாள். சாரங்கபாணியின் மகள். ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். அப்பா முன்னால் பாடம் ஒப்பிக்கிற ஆசை முகமெல்லாம் தெரிந்தது.

“திஸ் இஸ் த ஃபீல்ட் விச் மலர்கொடீஸ் ஃபாதர் ப்ளவ்ஸ்.”

குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

தாசில்தார் நிமிர்ந்தார். “கூலிக்கா பாப்பா?”

“இல்லையே. அறுத்ததும் மாரியப்பன்தான் எங்க வீட்டுக்கு நெல்லு கொண்டாந்து அளப்பாரு. முதல் மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்லக் கூடாது, லாபம்னு சொல்லணும். வருஷா வருஷம் நான்தான் சொல்லுவேன்.”

கூலிக்காரன் நெல் வாங்கிக்கொண்டு போவான். கொண்டுவந்து அளக்க மாட்டான். ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

“உட்காரு மங்களம்” என்றார் சாரங்கபாணி. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?”

என் சம்பள பில்லில் கையெழுத்துப் போடுகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். மாரியப்பனுக்குக் கொடுத்த வாக்கு வேறு. பாடம்தானே கேட்கிறாள், வாக்கியத்தில் குறை என்று சொல்லி மழுப்பிவிடலாம். அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்து என்னால் முடியவில்லை.

“சரியாத்தாம்மா சொன்னே. உட்காரு.”

தரையில் சலசலப்பு. மாரியப்பன் எழுந்தார்.

“எழுதிக்குங்கய்யா. அந்த வயல் நான் உழுவுறதுதான்.”

“மாரியப்பா,” என்றார் சாரங்கபாணி, “யோசிச்சுப் பேசு.”

“யோசிச்சு யோசிச்சுத்தாங்க இத்தன வருசம் பேசாம இருந்தேன்.”

தாசில்தார் பேனாவைத் திறந்து, “அப்பா பேரு?” என்றார். மாரியப்பன் வாயைத் திறப்பதற்குள், என் வகுப்புக் கடைசி பெஞ்சிலிருந்து மலர்கொடி தன் தாத்தா பெயரை உரக்கச் சொன்னாள்.