அவிழ்க்காத கட்டு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தொடைக் கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு எழுந்து நடக்கப் போவதாக இன்பசேகரன் சொன்னதும் அவர் மனைவி ஜெயசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை நங்கென்று தரையில் வைத்தாள்.

"இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க."

"தேவதானம் ஐயா தரிசனம் கண்டாராம். ஞாயித்துக்கிழமை நான் நடப்பேன்."

"இன்னிக்கு இருபதாம் நாளு. நாப்பத்தஞ்சு நாளு தொடக்கூடாதுன்னு முனிசாமி அண்ணன் தலபாடா அடிச்சிக்கினாரு. தொடை எலும்புங்க அது, முருங்கைக் கொம்பு இல்ல!"

இன்பசேகரன் புத்தூர் சபையின் உபதேசியார். சித்தூரிலிருந்து பாதிரி ஐயர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பதும், ஜெபம் பண்ணுவதும், பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை நடத்துவதும் இவர்தான். சபைக் கோயிலின் ஓடு மாற்றக் கூரைமேல் ஏறியவர் சறுக்கி விழுந்து தொடையை முறித்துக்கொண்டார். எலும்பு முறிந்தால் எந்தெந்த ஊரிலிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு புத்தூருக்கு வருகிறார்கள். இவருக்கோ கட்டுப் போடுகிற முனிசாமி மூன்று தெரு தள்ளித்தான் இருந்தார். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்து, இறுக்கித் துணி சுற்றிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டுதான் வந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்!

தேவதானத்துக்கு அது போதவில்லை. ஆந்திர ராஜ்யம் பிறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில் வடக்கேயிருந்து வந்து சேர்ந்தவர் அவர். தெலுங்கில்தான் பிரசங்கம். சபையில் முக்கால்வாசிப் பேருக்குப் பிரசங்கத் தெலுங்கு விளங்காது. அதனால் அவர் ஒரு வாக்கியம் சொல்ல, பக்கத்தில் நின்று இன்பசேகரன் அதைத் தமிழில் சொல்லுவார். இன்பசேகரனுக்குக் கணீரென்ற குரல். தெலுங்கில் சாதாரணமாக இருப்பதுகூட இவர் வாயில் வந்தால் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸிலிருந்து இருவரும் நகரி, கார்வேட்டிநகரம் என்று ஊர் ஊராகப் போய்வந்தார்கள். ஆரம்பத்தில் ஜெயசீலிக்கும் அந்த மனுஷன் பாடுவது பிடித்துத்தான் இருந்தது. போகப் போகத்தான் பேச்சு திரும்பியது. விசுவாசி மருந்தைத் தொடலாகாது, கட்டுப் போடுவது அவிசுவாசம், அதிலும் நாமம் போட்டவன் கையால் போட்டுக்கொள்வது துரோகம். வியாதி போகவில்லையா? உன் விசுவாசம் பத்தவில்லை. எப்படிப் போட்டாலும் குற்றம் படுத்திருப்பவன் மேலேயே விழுகிற கணக்கு அது.

"கார்வேட்டிநகரத்துல தச்சர் தியோடரு நடக்கலியா?" என்றார் இன்பசேகரன். "வண்டி கவுந்து கால் முறிஞ்சவரு. தை மாசம் கூட்டத்துல கட்டை அவுத்தோம். பத்தடி நடந்தாரு. நான்தான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்."

"பதினோராவது அடி?"

"அதான் நடந்தாருன்னு சொல்றேனே."

"பதினோராவது அடி நடந்தாரா, நீங்க பாத்தீங்களா?"

அன்றே இன்பசேகரனும் தேவதானமும் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், எங்கே பார்ப்பது?

வெள்ளிக்கிழமை காலை ஜெயசீலி நாத்தனார் ஞானசௌந்தரியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுக் கார்வேட்டிநகரம் பஸ்ஸில் ஏறினாள். தச்சர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பட்டறையில் உளிச் சத்தம் கேட்காமல் நாலு மாதம் ஆகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களே கை காட்டினார்கள்.

தியோடர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக மடங்கியபடியே எலும்பு கூடியிருந்தது. பாதம் தரையைத் தொடவில்லை.

"பத்தடி நடந்தேம்மா," என்றார் தியோடர். "நெசமாத்தான் நடந்தேன். பதினோராவது அடியில தண்ணி மேல நடந்த பேதுரு மாதிரி பயந்துட்டேன். என் விசுவாசம் பத்தல. கர்த்தர் சேத்த எலும்பை என் பயம் ஒடச்சிடுச்சின்னு ஐயா அப்புறம் ஆளு விட்டுச் சொன்னாரு."

"அண்ணே, ஞாயித்துக்கிழமை வந்து இந்தக் காலை எங்க சபைக்குக் காட்டுங்க. வண்டி நான் வைக்கிறேன்."

"ஐயோ, வேணாம்மா! என் அவிசுவாசத்தைக் காட்டிக் கர்த்தர் நாமத்தைக் கெடுக்கச் சொல்றியா?" அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெலுங்கு தெரியாது. 'எழுந்து நட'ன்னு உன் வீட்டுக்காரரு கொரல்லதான் கேட்டேன். இன்னிக்கும் காதுல கேட்டுக்கினே இருக்குது. அந்தக் கொரலை நம்பாம போயிட்டேனே, பாவி."

அவர் மனைவி கொடுத்த மோரைத் தொடாமல் வைத்துவிட்டு ஜெயசீலி அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னாள். இன்பசேகரன் முகம் செத்துப் போயிற்று. "அவரு சந்தேகப்பட்டாரு. நான் சந்தேகப்படமாட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் ஜெயசீலிக்கு முழுசும் விளங்கியது. இவர் நடந்துவிட்டால் தியோடர் கால் போனது தியோடரின் குற்றம். இவர் நடக்காவிட்டால் அது யார் குற்றம்? அந்தக் கேள்விக்குப் பயந்து இந்த மனுஷன் தன் காலைப் பணயம் வைக்கிறார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. சட்டி பானையை உருட்டிக்கொண்டு உள்ளே போய் அழுதாள்.

மறுநாள் குழாயடியில் ஞானசௌந்தரி பத்துப் பேர் காதில் விழப் பிடித்துக்கொண்டாள். "தெலுங்குக்காரருன்னுதானே அவரு உனக்கு ஆவல? எல்லைப் பிரச்சனையை கோயிலுக்குள்ள கொண்டாந்துட்டியா?"

அந்த நாளில் அது சின்னப் பழி இல்லை. ஊர் தமிழ் நாட்டோடு சேரணுமா, ஆந்திராவோடு இருக்கணுமா என்று டீக்கடை டீக்கடையாக வெட்டு குத்து. பஸ் போர்டில் தார் பூசுகிறார்கள். இவளைப் போய் அதில் சேர்த்தால்?

"எங்கம்மா வெங்கடகிரிக்காரங்க. தெலுங்குல தாலாட்டு கேட்டு வளந்தவ நான்," என்றாள் ஜெயசீலி. "அந்தாளு தமிழ்ல சொன்னாலும் பொய்யி பொய்யிதான். அவுக்கப் போறது உன் அண்ணன் காலுடி!"

"உனக்குப் பிசாசு புடிச்சிருக்குது," என்று சொல்லிவிட்டு ஞானசௌந்தரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். நாலு பேர் இன்பசேகரனைக் கட்டிலோடு தூக்கி வந்து முன்னால் வைத்தார்கள். வெள்ளை ஜிப்பாவும் தடித்த கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடியுமாகத் தேவதானம் நின்றார். அவர் பேசப் பேசக் கட்டிலில் படுத்தபடியே இன்பசேகரன் தமிழில் சொன்னார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"கட்டு மனுஷனை நம்புகிறவனுக்கு! விசுவாசிக்குக் கட்டு எதற்கு?"

ஜனங்கள் அல்லேலூயா என்றார்கள். ஞானசௌந்தரி கத்தரிக்கோலோடு முன்னால் வந்தாள். ஜெயசீலி விருட்டென்று எழுந்து போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"அவளை இழுத்து வெளியே போடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். ரவிக்கைத் தையல் விட்டது. இன்பசேகரனும், "எழுந்திரு, மானத்தை வாங்காத," என்று பல்லைக் கடித்தார். அவள் அசையவில்லை. தேவதானத்தைப் பார்த்து, பந்தல் முழுக்கக் கேட்கும்படி தெலுங்கில் கேட்டாள். அதையே தமிழிலும் சொன்னாள்.

"ஐயா, உங்க கண்ணாடியைக் கழட்டுங்க. வேதத்தைத் தொறந்து ஒரே ஒரு அதிகாரம் வாசிங்க, எந்த அதிகாரமா இருந்தாலும் சரி. நீங்க வாசிச்சி முடிச்சா இந்தக் கட்டை நானே என் கையால அவுக்கிறேன். கால் முறிஞ்சவனுக்குக் கட்டு அவிசுவாசம்னா, கண் மங்கினவருக்குக் கண்ணாடி இன்னாங்க?"

எங்கேயோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. தேவதானத்தின் கை தன்னையறியாமல் கண்ணாடிச் சட்டத்துக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது. பிறகு முகம் சிவக்கத் தெலுங்கில் கத்தினார். ஐந்து மாதப் பழக்கம், இன்பசேகரன் வாய் தானாகத் திறந்து அதைக் கணீரென்று தமிழில் சொல்லிவிட்டது.

"தேவனைச் சோதித்துப் பார்க்கலாகாது!"

சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் மாறியது. வருஷா வருஷம் ஓய்வுநாள் பாடசாலையில் அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஆலயத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சொன்னது யார்? சாத்தான். சோதிக்கலாகாது என்று சொல்லிக் குதிக்க மறுத்தது யார்? இயேசு. எத்தனை தடவை கேட்டிருப்பார், எத்தனை பிள்ளைகள் கை தூக்கிச் சொல்லியிருக்கும்!

தேவதானம் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். தமிழ் வரவில்லை. திரும்பச் சொன்னார். அப்போதும் வரவில்லை.

"செப்பு! செப்பு!" என்று உறுமினார்.

இன்பசேகரன் கட்டையும் அதன் மேலிருந்த மனைவியின் கையையும் பார்த்தார். "இவரு என்னைக் குதிக்கச் சொல்றாரு," என்றார். அது மொழிபெயர்ப்பு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. "ஞானம், கத்தரிக்கோலைக் கீழ வைம்மா. நான் அவுக்கல."

அதற்குப் பிறகு அங்கே நடந்தது கூட்டம் இல்லை, கலவரம். துரோகி என்றார்கள், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டவன் என்றார்கள். சபையில் பாதிப் பேர் தேவதானத்தின் பின்னால் போய் ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் தனிக் கொட்டகை போட்டார்கள். ஞானசௌந்தரியும் போனாள். ஒரு வாரம் உபதேசியார் வீட்டு ஓட்டில் பட்டப் பகலிலேயே கல் விழுந்தது. ஜெயசீலி ஒவ்வொரு கல்லுக்கும் வாசலில் நின்று பதிலுக்குப் பதில் கொடுத்தாள்.

நாற்பத்தைந்தாம் நாள் முனிசாமி கட்டைப் பிரித்தார். கால் மெலிந்து போயிருந்தது, ஆனால் நேராக இருந்தது. பத்து நாள் தடி ஊன்றி நடந்து பழகியதும், "கார்வேட்டிநகரம் போயி வரலாம் வா," என்று அவரே கூப்பிட்டார்.

தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நுழைந்த உபதேசியாரைப் பார்த்ததும் தியோடர் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் தூக்கினார்.

"ஸ்தோத்திரம்! நடக்கிறீங்களே! உங்க விசுவாசம் பெருசுய்யா. எனக்குத்தான் இல்லாம போச்சு."

இன்பசேகரன் தடியைப் போட்டுவிட்டு அந்தக் கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அந்தக் கணீர்க் குரல் எங்கே போயிற்றோ, கரகரவென்று வந்தது.

"விசுவாசத்துல நடக்கல அண்ணே. முனிசாமி கட்டுன கட்டு. நாப்பத்தஞ்சு நாளு முழுசா வச்சிருந்தேன், அவுக்கல. உங்க விசுவாசத்துல ஒரு கொறையும் இல்ல. அந்தப் போதனைதான் பொய்யி."

தியோடர் தன் காலைக் குனிந்து பார்த்தார். மலர்ந்த முகம் மெல்ல மெல்ல இறுகியது. நாலைந்து மாதமாகத் தன் மேலேயே வைத்திருந்த கோபம் அதற்கான ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.

"உன் கட்டை நீ அவுக்கல," என்றார். அதுவரைக்கும் அவர் உபதேசியாரை ஒருமையில் பேசியதில்லை. "அப்ப என்னை ஏன்யா அவுக்கச் சொன்ன?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற ஜெயசீலி புருஷன் பக்கம் திரும்பினாள். இது அவர் சொல்ல வேண்டிய பதில்.

"அவரு சொன்னது சரியான்னு பாக்காம சொல்லிட்டேன்," என்றார் இன்பசேகரன்.

தியோடர் தன் வளைந்த காலை இரண்டு கையாலும் தூக்கி அவரிடமிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டார்.