மதினி கொடுத்த தண்ணீர்

தென்காசியில் ஆனி மாதத்து வெயிலுக்கும் ஈரம் உண்டு. மேற்கே மலையில் மேகம் இறங்கும். தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே காற்றில் சாரல் வரும். முகத்தில் படும். துடைப்பதற்குள் காய்ந்துவிடும்.

அப்படியொரு காலையில்தான் வடிவு தன் மதினி உலகம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மதினியின் இடது கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் தொங்கியது. திருப்பியவன் வடிவின் அண்ணன் கோமதிநாயகம். ஒரு சட்டைக்கு இஸ்திரி போடவில்லை, அதற்காக.

போலீஸ் கேட்டது. வடிவு கண்டதைச் சொன்னாள். கையெழுத்தும் போட்டாள்.

ஸ்டேஷன் வாசலில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாத்திச் சொல்லிருட்டி. அவன் உள்ள போனா குடும்பமே போச்சு."

"மதினி கையப் பாத்தியாம்மா நீ?"

அம்மா தெருவைப் பார்த்தாள்.

சாயங்காலம் மதினியே போலீசிடம் சொன்னாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல். வழுக்கி விழுந்தேன். அண்ணன்காரன் வீட்டுக்குப் போனான். மதினியும் அவன் பின்னாலேயே போனாள். பொய் சொன்னவள் என்று மிஞ்சியது வடிவு மட்டும்.

வீட்டில் அவளுக்கு இடமில்லாமல் போயிற்று. மதுரைக்குப் போனாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஹாஸ்டலில் ஒரு கட்டில்.

ஆரம்பத்தில் போன் போட்டுப் பார்த்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. பிறகு மணியும் அடிக்கவில்லை.

நினைவிலிருந்து முதலில் அவர்கள் குரல் போயிற்று. பிறகு வீட்டு வாசனை. அம்மா மூக்குத்தி போட்டிருப்பது எந்தப் பக்கம் என்று ஒருநாள் யோசிக்க வேண்டிவந்தது. அன்று பயந்தாள். கட்டிலில் சுருண்டு கிடந்து யோசித்தாள். வலது பக்கம். இல்லை, இடது பக்கம்.

குளிக்கும்போது பேசுவாள். அண்ணனோடு, அம்மாவோடு. எல்லா வாதத்திலும் ஜெயிப்பாள். ஜெயித்துவிட்டு அழுவாள். சில நாள் அவளுக்கே சந்தேகம் வரும். மதினி வழுக்கித்தான் விழுந்தாளோ. நான்தான் புத்தி பேதலித்துக் கோட்டியாகிவிட்டேனோ.

தீபாவளி வரும். ஊருக்குப் போகலையா என்று ஹாஸ்டலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே பை கட்டுவாள். அம்மாவுக்கு ஒரு சேலை எடுப்பாள். பஸ் ஏறுவாள். ராஜபாளையத்தில் இறங்கிவிடுவாள். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஊருக்குப் போகிற முகங்களையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்பார்கள் ஹாஸ்டலில்.

"நல்லா இருக்காங்க."

பெட்டியில் சேலைகள் சேர்ந்தன.

இந்த ஆடியில் ஊர்க்காரர் ஒருவர் சர்க்கரை பார்க்க வந்தார். கையை நீட்டிய பிறகுதான் அவளை அடையாளம் கண்டார்.

"கோமதிநாயகம் தங்கச்சிதான நீ? என்ன கோவம்னாலும், பெத்தவ காரியத்துக்குக் கூட வராம இருந்திட்டியே தாயி."

ஊசி அவர் நரம்பில் இருந்தது. வடிவு அதை அசைக்கவில்லை. ரத்தம் ஏறி முடியும்வரை பிடித்திருந்தாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். "மடக்கி வச்சுக்கோங்க" என்றாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

ராஜபாளையம் வந்தது. போனது. அவள் இறங்கவில்லை.

தென்காசியில் சாரல் வலுத்து மழையாகியிருந்தது. குடை இல்லை. நனைந்தபடியே போய்க் கதவைத் தட்டினாள்.

மதினி திறந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, வடிவு பார்த்தே இராத ஒரு பெண் குழந்தை. பின்னால் சுவரில் அம்மா. வாடின மாலை.

"யாரும்மா இவுக?" என்றது குழந்தை.

மதினியின் உதடு அசைந்தது. எதிர்வீட்டைப் பார்த்தாள். தெருமுனையைப் பார்த்தாள். அவள் இடது கை இன்னமும் முழுதாக நிமிரவில்லை.

"யாருமில்லட்டி. தண்ணி கேட்டு வந்திருக்காவ."

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நீட்டும்போது குரல் இறங்கியது. "போயிரு வடிவு. ஒங்கண்ணன் வார நேரம். என்னக் கொன்னுருவாவ."

வடிவு வாங்கிக் குடித்தாள். தலையிலிருந்து மழை வழிய வழியக் குடித்தாள். அண்ணனின் நெற்றியும் அம்மாவின் கண்ணும் கொண்ட ஒரு குழந்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. மிடறு மிடறாக, மெதுவாகக் குடித்தாள். செம்பு தீர்ந்தால் இந்த வாசலும் தீர்ந்துவிடும்.

தீர்ந்தது.

மதினி கதவில் கை வைத்தாள்.

வடிவு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தாள். காலிச் செம்பை அதனிடம் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் தண்ணி தருவியாம்மா?"