அப்பாவின் பல்செட் வேர் விட்டது

மதுரையில் கண் டாக்டர் என் அப்பாவின் கண்ணை ஒரு நிமிடம் பார்த்தார். வாயை ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இருக்கிறதே ஒரு கண்ணு. வாயெல்லாம் புண்ணு, கிருமிக் காடு. இதோட நான் கத்தி வச்சா கண்ணுக்கும் சீழ் வைக்காதுன்னு யார் உத்தரவாதம் தருவா? பல்செட்டக் கழட்டி, வாய ஆத்திட்டு இருபதாம் நாள் வாங்க. அன்னைக்கும் இப்படியே வந்தா, அடுத்த முறை ஆறு மாசம் கழிச்சுத்தான்.”

அப்பா சீனிச்சாமிக்குக் கம்பத்தில் இரண்டு ஏக்கர் திராட்சை. இடது கண்ணைப் பந்தல் கம்பி அடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. வலது கண்ணில் புரை முற்றி, குலையைக் கையால் தடவித்தான் பழமா காயா என்று சொல்லிக்கொண்டிருந்தார். சென்ற வாரம் கிணற்று மேட்டில் ஓர் அடி தள்ளிக் கால் வைத்திருந்தால் இந்தக் கதையே வேறு. ஆறு மாதமெல்லாம் தாங்காது.

மறுநாளே தேனியில் பல் டாக்டர் சுந்தர்ராஜிடம் கூட்டிப் போனேன். பல்செட் ஐந்து மாதமாக வாயைவிட்டு இறங்கியதே இல்லை. டாக்டர் இழுத்த இழுப்பில் ‘சொத்’ என்று வந்தது. உட்பக்கம் முழுக்க வழவழவென்று பாசி. மேலண்ணம் செக்கச்செவேல்.

“இது சும்மா அழுக்கில்ல பெரியவரே. கிருமியெல்லாம் ஒண்ணு சேந்து, பசையப் பூசி, அதுக்குள்ள குடியிருக்கு. கொப்பளிச்சா மேலோட ஓடிரும், உள்ள எறங்காது. தேய்ச்சுத்தான் எடுக்கணும். ரெண்டு வாரம் போடாதீக. அப்புறம் தினம் கழுவி, ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டுருங்க.”

அப்பா பயபக்தியுடன் தலையாட்டினார். திரும்பும்போது பஸ் வீரபாண்டியைத் தாண்டுவதற்குள் பல்செட்டை மறுபடி வாயில் மாட்டிக்கொண்டார்.

“என்னப்பா இது?”

“ஏலே, நட்ட குச்சியத் தினம் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தா எப்பிடிடா பிடிக்கும்? மொத மாசம் லொடலொடன்னு ஆடுச்சு. இப்ப ஆட்டிப் பாரு. வேர் விட்டிருச்சு.”

“பிளாஸ்டிக்குப்பா அது. வேர் விடாது.”

“அப்ப அந்தப் பசை? வேர் விடுறதுக்கு முன்னால பால் கட்டுதுடா. நீ படிக்கிற படிப்புல இதெல்லாம் இல்லையா?”

நான் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. இருந்தது. குச்சிக்கு இருந்தது, பிளாஸ்டிக்குக்கு இல்லை.

வீட்டில் அம்மா ராக்கம்மாள் தன் பங்குக்குச் சொன்னாள். “பால் கட்டுதாம்ல பாலு! ஒங்க வாய் நாத்தம் தாங்காம எருமை கயித்த அத்துக்கிட்டு அங்கன போயி நிக்கிது.”

எருமைக்கு இருந்த வழி எங்களுக்கு இல்லை. கெஞ்சினோம். பட்டினி கிடந்தோம், அப்பா எங்கள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். இப்படியே நான்கு நாள் போயிற்று.

டாக்டர் கழற்றியபோது அந்தப் பசையில் கொஞ்சம் வழித்துக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பார்த்ததைப் பெரிய தாளில் கறுப்பு மையால் வரைந்து கொண்டுவந்தேன். அப்பா தாளை ஜன்னலோரம் பிடித்து, மூக்கு முட்டப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கண் தெரியாதவரிடம் படம் காட்டிய முதல் விஞ்ஞானி நானாகத்தான் இருப்பேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். “கொடி கொடியா ஓடுது. கணுவுக்குக் கணு மொட்டு.”

“என்னலே அது?”

“பூஞ்சாணம்ப்பா.”

அப்பா விருட்டென்று எழுந்தார். “பூஞ்சாணமா? நம்ம கொடியில வர்ற சீக்கா? இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா? கிருமி கிருமின்னு ஊர்ல இல்லாதத எல்லாம் சொல்லிக்கிட்டு!”

அவரே பல்செட்டைக் கழற்றினார். நேரே பந்தலுக்குப் போனார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, கொடிக்கு அடிப்பதுபோலவே உள்ளும் புறமும் அடித்து, கம்பியில் தொங்கவிட்டார்.

“அய்யய்யோ, விசமுங்க!” என்று அம்மா கத்தினாள்.

“எனக்குத் தெரியாதாக்கும்? மருந்தடிச்சா பதினஞ்சு நாளைக்குப் பழத்தத் தொடக் கூடாது. ஏலே, எவனும் அது பக்கம் போயிராதீக.”

இரண்டு டாக்டர், ஒரு மனைவி, அரை விஞ்ஞானி சொல்லி நடக்காதது, பந்தல் சட்டப்படி நடந்தது. பதினைந்து நாளும் பொக்கை வாயில் கூழ். அம்மா மூன்று வேளையும் உப்புத் தண்ணீர் கொடுத்தாள். அண்ணம் வெளுத்து, புண் ஆறியது. அந்தப் பல்செட்டை அம்மா ஆழக் குழி தோண்டிப் புதைத்தாள்.

இருபதாம் நாள் கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “பிரமாதம். என்ன மருந்து போட்டீங்க?”

அப்பா வாயைத் திறந்தார். “உப்புத் தண்ணி சார்” என்று நான் முந்திக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கழித்துச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அப்பா சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என் முகத்தில் வந்து நின்றார்.

“ஏலே, மீசை எப்ப வச்ச?”

“ஒரு வருசமாச்சுப்பா.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் உற்றுப் பார்த்தார்.

“நல்லால்ல. எடுத்துரு.”