டெனர் வரிசையில் ஒரு பெண்

அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரத்தான் போனேன். பாடப் போனேன் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய்.

எங்கள் சபைப் பாடகர் குழுவில் பத்தொன்பது வருடம் நான் சோப்ரானோ, அதாவது பெண்களில் உச்சத்தில் பாடுகிறவள். நான் வாயைத் திறந்தால் கண்ணாடி டம்ளரை எடுத்து உள்ளே வைப்பதாகக் கேலி செய்வார்கள். என் வீட்டுக்காரர் டெனர், ஆண்களில் மேல் குரல். பகலில் இருவருக்கும் ஒரே இஸ்திரிக் கடை. சட்டை என்னுடையது, பேன்ட் அவருடையது. மடிப்பு எடுத்துக்கொண்டே தன் பகுதியைப் பாடிப் பழகுவார். டெனர் பகுதியைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே சுரத்தில் நிற்கும், திடீரென்று ஒரு படி ஏறும், மறுபடியும் நின்றுவிடும்.

"இது என்ன பாட்டுன்னு கர்த்தருக்காவது தெரியுமா?" என்பேன்.

"நாலு குரலும் சேரும்போது தெரியும். நீ சட்டையைப் பாரு, காலர் தீயுது" என்பார்.

போன வருடம் அவருக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பட்ட காலிலேயே படும் என்பார்களே, நான்கு மாதத்தில் என் கழுத்தில் ஒரு கட்டி. குரல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அறுத்தார். சொன்னபடியே உச்சம் போய், கரகரப்புதான் மிஞ்சியது. இப்போது போனை எடுத்து ஹலோ சொன்னால், "சொல்லுங்க சார்" என்கிறார்கள்.

எனக்குக் கடவுள் மேல் கோபம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? புருஷனை எடுத்துக்கொண்டார், சரி. பாடி அழ இருந்த ஒரே குரலையும் எடுத்தால் மனுஷி என்ன செய்வாள்? ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போய், கடைசி பெஞ்சில் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜெபம் கிடையாது. வேண்டுமானால் அவரே முதலில் பேசட்டும் என்று இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை, எங்கள் இரண்டு அங்கிகளையும் தேய்த்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கொடுத்துவிட்டால் இந்த ஜென்மத்தில் இனிப் பாட்டு இல்லை என்று தெரியும்.

உள்ளே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. டெனரில் இப்போது இரண்டே பேர். ஒருவர் மருந்துக்கடைக்காரர், இன்னொருவர் என் கொழுந்தன். கொழுந்தனுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர், எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார். அன்று பாடியது எங்கள் பழைய பாட்டு ஒன்று. அதில் ஓரிடத்தில் எல்லாக் குரலும் ஓய்ந்து இரண்டு தாளம் மௌனம். அதன் பிறகு டெனர் மட்டும் தனியாகத் தொடங்க வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த இரண்டு தாளத்துக்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். எக்ஸ்பிரஸ் ஒரே தாளத்தில் பாய்ந்தார். பாட்டை நடத்தும் மாஸ்டர் மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் பாய்ந்தார். அவரை நம்பி மருந்துக்கடைக்காரரும் பின்னாலேயே விழுந்தார்.

நான்காவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்றபடியே ஒன்று, இரண்டு என்று எண்ணி, சரியான இடத்தில் பிடித்தேன். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன், வந்தது பாட்டு. கரகரப்புதான். ஆனால் சுருதி அப்படியே என் வீட்டுக்காரருடையது. வருடக்கணக்காகக் காதில் விழுந்த பகுதி, ஒரு எழுத்து பிசகவில்லை.

மாஸ்டர் கெட்டிக்காரர். பாட்டை நிறுத்தவில்லை, மற்றவர்களுக்குக் கை காட்டினார். மேலே பெண்கள் சேர்ந்தார்கள், கீழே ஆண்களின் அடிக்குரல் வந்து தாங்கியது. பத்தொன்பது வருடம் அந்தப் பாட்டை உச்சியிலிருந்தே பாடியவள், அன்றுதான் முதல்முறை அதன் நடுவில் நின்றேன். சுற்றிலும் குரல்கள். ஞாயிறுதோறும் அவர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரா? கண்ணீர் கொட்டியது. துக்கமில்லை, சத்தியமாகச் சந்தோஷம்.

பாட்டு முடிந்ததும் கொழுந்தன்தான் முதலில் பேசினார். "அண்ணி, பாடறீங்களா, என்னைத் திட்டறீங்களா?"

"நிக்க வேண்டிய இடத்துல நீங்க நின்னா நான் ஏன் தம்பி திட்டப்போறேன்?"

"உள்ள வாங்கம்மா" என்றார் மாஸ்டர். "பையில என்ன?"

"தேய்ச்ச துணி" என்றேன். அதுவும் பொய் இல்லை.

மறுநாள் ஆராதனையில் இரண்டு ஆண்களுக்கு நடுவில் அங்கியோடு நின்றேன். பாட்டுக்கு முன் மௌன ஜெபம். கண்ணை மூடினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு என் வாய் தானாக முணுமுணுத்தது.

"ஆண்டவரே, உங்க மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. அவரை ஏன் கூட்டிட்டுப் போனீங்கன்னு நேர்ல வந்து கேக்காம விடமாட்டேன். ஆனா நீங்க என்னை விட்டுட்டுப் போகலை, அது நேத்துத்தான் புரிஞ்சுது. இன்னும் நிறைய இருக்கு சொல்றதுக்கு. மாஸ்டர் கையைத் தூக்கிட்டாரு, மீதியை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."