டேப்பின் இந்த முனை

...இல்லை, இழுக்க வேண்டாம், சும்மா பிடித்துக்கொண்டால் போதும் என்றுதானே சொன்னார், பிறகு ஏன் கட்டைவிரல் இப்படி வெளுத்துப் போகிறது. நீரஜாவுக்குத் தன்னைப் பார்த்தே சிரிப்பு வந்தது. அறுபது தாண்டியாயிற்று, மந்தைவெளியில் நடுத்தெருவில் நின்று மாநகராட்சிக்கு டேப் பிடிக்கிற உத்தியோகம்... உதவியாள் லீவாம், ‘சங்கத்துச் செக்ரட்டரி நீங்கதானே மேடம்’ என்று ஒரு முனையை இவள் கையில் கொடுத்துவிட்டு இஞ்சினியர் கணேசமூர்த்தி மறு முனையோடு எதிர்வீட்டுக் காம்பவுண்டுக்குப் போய்விட்டார். மதிலிலிருந்து மதிலுக்கு ஒன்பது மீட்டர் இருக்க வேண்டும். இருந்தால் இந்தப் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு ஐந்து மாடி கட்ட அனுமதி கிடைக்கும், ஒரு விரற்கடை குறைந்தாலும் மூன்று மாடிதான், மூன்று மாடியில் தனக்குக் கட்டுப்படியாகாது என்று பில்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அதனால்தான் வாசலிலும் பால்கனியிலும் எல்லா வீட்டுக்காரர்களும், தாலி கட்டுகிற நேரத்தில் நிற்கிற மாதிரி, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தை மாத வெயில், உறைக்கவில்லை. முதுகுக்கு இதமாகக்கூட இருக்கிறது. இப்படியே நிற்கச் சொன்னாலும் நிற்கலாம்.

தனக்கென்ன, ஒன்பது இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. கடைசியாகச் சம்மதக் கையெழுத்துப் போட்டது அவள்தான், செயலாளரே கடைசி, அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அவள் முகத்துக்கு நேரே யாரும் சிரிக்கவில்லை. சுவாமிநாதன் சார் வாழ்ந்த வீடு இல்லையா, மாமிக்கு எப்படி மனசு வரும் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எதிர் ஃபிளாட் சந்திரிகா கிண்ணம் நிறையப் பாயசம் கொண்டுவந்து, வந்த விஷயத்தைப் பற்றிப் பேசாமலேயே போனாள். கீழ்வீட்டுக்காரர் லண்டனில் இருக்கும் சாய்சரணுக்கே போன் போட்டு, உங்கம்மாவை நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை தம்பி என்றாராம். இவளும் தலையைக் குனிந்துகொண்டு, மற்றவர்களுக்காகத்தானே என்று பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டாள். நடிப்பா? சேச்சே. அவர் நினைப்பு வராத நாள் கிடையாது, அது சத்தியம். ஆனால் அவர் வருவதற்கு இந்த வீடுதான் வேண்டும் என்று யார் சொன்னது, இருபத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்தாலும்தான் வருகிறார், மாடவீதியில் கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் போதும், ‘முத்தல், வேண்டாம்’ என்று பின்னாலிருந்து சொல்கிறார்... மனுஷர் எங்கே கூப்பிட்டாலும் வருவார். நல்ல மனுஷர்.

ஹாரன் சத்தம். தெருமுனை ஸ்டாண்டு ஷரீஃப்தான், ஆட்டோவில் சவாரியை வைத்துக்கொண்டு டேப்புக்கு முன்னால் மாட்டிக்கொண்டான். “இன்னா சார், எவ்ளோ நேரம் நின்னுகினு இருக்கறது? அளந்தா ரோடு வளரவா போவுது?” பால்கனிகள் சிரித்தன, நீரஜாவும் சிரித்தாள். கணேசமூர்த்தி சிரிக்கவில்லை. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், மேடம் சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். “நான் சரியாத்தான் பிடிச்சுண்டிருக்கேன்” என்றாள், சொல்லிவிட்டுத்தான் குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் மதிலின் வெளிப்பக்கத்தில் இல்லை. கேட்டுத் தூணைத் தாண்டி நாலு விரற்கடை உள்ளே போயிருந்தது.

எப்போது போனது? யார் போகச் சொன்னது? காது மடல் சுட்டது. உள்ளே போனால் ரோடு அகலமாகும், அது டேப் பிடிக்கிற யாருக்கும் தெரியும். அப்படியென்றால் இந்தக் கைக்கு ஒன்பது வேண்டியிருக்கிறது... கைக்கா? பில்டர் கொடுத்த வரைபடத்தை ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு விரித்துப் பார்த்தது உண்டு. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு நேரே ஒரு ஜன்னல், கிழக்குப் பார்த்தது. முப்பது வருஷமாக எண்ணெய்ப் பிசுக்கேறிய சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் தேய்க்கிறாள், அதை யாரிடமும் ஒரு குறையாகச் சொன்னதில்லை, குறையென்று தனக்கே தோன்றியதில்லை. அன்றைக்கும் சும்மாதான் பார்த்தாள். பார்ப்பதற்கு என்ன காசா பணமா. ஆனால் அந்த ஜன்னலுக்குத் திரை போடக் கூடாது என்றுவரை முடிவு பண்ணியிருந்தாளே, அது எப்போது... நல்ல ஆளடி நீ. ஊரெல்லாம் உனக்குப் பாயசம் கொண்டுவந்து கொடுக்கிறது.

விரலை வெளியே கொண்டுவந்து மதிலோடு மதிலாக அழுத்தினாள். அந்த நாலு விரற்கடை போகட்டும், திருட்டு வேண்டாம், ஆனால் கபாலி, இருந்துவிடட்டும், ஒன்பது இருந்துவிடட்டும். வாய்விட்டுக் கேட்காத குறை. கணேசமூர்த்தி குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார். ஒன்பதுக்கு மேலேயே கொஞ்சம் இருக்கிறது என்றார். மாடியில் யாரோ கைதட்டினார்கள், ஷரீஃப் நின்ற இடத்திலிருந்தே இன்னொரு ஹாரன் அடித்தான். நீரஜாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம், சின்னப் பெண்ணாட்டம் குதிக்கலாம் போல, கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கைதட்டல் பாதியில் அடங்கியது. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். பாவம் மாமி. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, டேப்பின் முனையைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

சந்திரிகா வந்து தோளில் கை வைத்தாள். “மாமி, மனசுக்குக் கஷ்டமா இருக்கா?”

இல்லையென்று சொன்னால் என்ன? உலகம் கவிழ்ந்துவிடாது. உண்மையும் அதுதான். “கொஞ்சம்” என்றாள் நீரஜா.

சந்திரிகா அவள் தலையைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டாள். அது சுகமாக இருந்தது. ஐயோ, எவ்வளவு சுகமாக இருந்தது, துக்கமே இல்லாதவளுக்கு ஆறுதல் எதற்கு இப்படி உள்ளே வரை போகிறது, போய் எங்கே தங்குகிறது... தங்க ஓர் இடம் இருந்தால்தானே தங்கும்? கண் ஏன் கரிக்கிறது? எதிர்ப்பக்கத்திலிருந்து கணேசமூர்த்தி, முனையை விட்டுவிடலாம் மேடம், அளந்தாகிவிட்டது என்று இரண்டாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.