மூன்றாவது பிஸ்டனின் நட்டுகள்

நயோரோ ஊரில் அந்த ஜனவரி முழுக்கப் பனி கொட்டியது. மெக்கானிக் யசுஹெய்யின் ஷெட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு நாள் முழுக்க எரிந்தும், ஸ்பேனரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. ஆறு நாளாக ஒரே இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் ஒரிஹாராவின் சின்னக் காருடையது. பிரித்து, கழுவி, புது பேரிங் போட்டுக் கோத்தாகிவிட்டது. காரில் ஏற்றுவதுதான் பாக்கி.

தூக்குவதற்குச் சங்கிலி மாட்டப் போனவர் நின்றுவிட்டார். உள்ளே மூன்று பிஸ்டன்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டு. முதல் இரண்டின் நட்டுகளை அளவாக இறுக்கும் டார்க் ரென்ச்சால் முறுக்கியதும், இறுக்கம் சரி என்று 'டக்' சத்தம் வந்ததும் நினைவிருந்தது. மூன்றாவதைப் பிடித்த நேரத்தில் அடுப்பு அணைந்தது, எண்ணெய் ஊற்ற எழுந்து போனார். அதற்கப்புறம் ஒன்றும் நினைவில்லை.

சோற்றுருண்டையும் சூப்பும் கொண்டுவந்த மனைவி ஃபுமியேயிடம் சொன்னார். திறந்தால் அடி மூடியைக் கழற்ற வேண்டும், திரும்பப் பூசும் பசை காயவே ஒரு நாள் ஆகும், நாளை தருவதாகச் சொன்ன கார் போகாது. முப்பது வருஷப் பழக்கம், முறுக்கியிருப்பேன் என்றார்.

"முறுக்கியிருப்பீங்களா, முறுக்கினீங்களா?"

"தெரியலடி. தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல."

"அப்ப திறங்க."

பழைய டயர் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, இன்ஜினைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினார். மூன்றாவது பிஸ்டனின் நட்டைத் தொட்டார். வெறும் விரலுக்கே சுழன்றது. இன்னொன்றும் அப்படித்தான். மலைச்சாலையில், பனிக்கு நடுவில், அந்த நர்ஸ் தனியாக ஓட்டும்போது நட்டு கழன்று இன்ஜின் உடைந்து நிற்பது கண்ணுக்குள் வந்தது. ஃபுமியே சூப்புக் கிண்ணத்தை அவர் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கைகளால் பொத்திக்கொண்டாள்.

ஒரிஹாராவுக்குப் போன் செய்தார். உதிரிபாகம் வரவில்லை என்று சாக்குச் சொல்லியிருக்கலாம். நட்டுகளை முறுக்காமல் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது என்றார்.

மறுமுனையில் ஒரிஹாரா சொன்னாள்.

"நானும் நேத்து ஒரு வீட்ல டிரிப்ஸ் குழாயைச் சரியா மாட்டினேனான்னு சந்தேகமாகி, பாதி வழியில திரும்பிப் போனேண்ணே. மெதுவாவே செய்ங்க."

இரவல் வாங்கிய தன் தங்கையின் காரை நாளைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஃபுமியே போனை வாங்கி, எங்கள் குட்டி ட்ரக்கை எடுத்துக்கொள் என்றாள்.

அப்புறம் யசுஹெய் ஆறு நட்டுகளையும் முதலிலிருந்து முறுக்கினார். ஒவ்வொன்று முடிந்ததும் முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஃபுமியே அதன் மேல் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தாள்.

பசை காய்ந்து, இன்ஜின் ஏறி, ஞாயிற்றுக்கிழமை கார் போனது. அன்று முழுக்க அவர் தூங்கினார். வாசல் பனியை ஃபுமியேதான் தள்ளினாள்.