பதினேழாவது இடம்

ரேமோன் அன்றைக்கு ஒரு காசைச் சுண்டிப் போட்டிருந்தால் அதோடு போயிருக்கும். தன் தொழிலைக் காட்டிக்கொள்ளாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

பிரான்சில் டெலிபோன் கம்பிகளைச் சோதிப்பது அவன் வேலை. 1959இல் அவன் விடுப்பில் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதே மாதம்தான் அவன் அக்கா அஞ்செலுக்குப் பாரீசில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இருவரில் ஒருவர் போகலாம், ஒருவர் அம்மாவோடு இருந்தாக வேண்டும்.

"காசு சுண்டினா, சுண்டினவன் மேல சந்தேகம் வரும்க்கா. நீயே அஞ்சு எண் சொல்லு. ஒண்ணும் சைபரும்தான். அஞ்சுமே சைபரா மட்டும் வேணாம்."

"ஒண்ணு, சைபர், ஒண்ணு, ஒண்ணு, சைபர்."

"இத வெச்சி முப்பத்தொண்ணு எடம் வரைக்கும் எழுதப் போறேன். எந்த இடத்தப் பாக்கணும்?"

"பதினேழு."

"அங்க ஒண்ணு வந்தா நீ போ. சைபர்னா நான் போறேன்."

வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். பதினேழாவது இடத்தில் சைபர் நின்றது.

"உன் இஷ்டத்துக்கு எழுதிக்கினியா?"

"இல்லக்கா, ஒரு கணக்கு இருக்கு. சொல்றேன் கேளு."

"உன் கணக்க நீயே வெச்சிக்கோ."

அவன் கப்பலேறினான். ஏழு கடிதங்கள் வந்தன. ஏழையும் பிரிக்காமல் பெட்டிக்கடியில் போட்டாள். அவன் நம்மை மறந்துவிட்டான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தாள். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் போதெல்லாம் பாரீஸ் ஞாபகம் வரும். ஐந்தும் சைபராக வேண்டாம் என்றானே, கள்ளம் இல்லாதவன் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

1962 ஜனவரியில் ஒரு காலை தந்தி வந்தது. நிமோனியா. ரேமோன் போய்விட்டான்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பெட்டியைத் திறந்து முதல் கடிதத்தைப் பிரித்தாள். கப்பலிலிருந்து இறங்கிய அன்றே எழுதியிருக்கிறான்.

"அக்கா, கம்பி எங்க தப்பு பண்ணுதுன்னு பாக்க, ஒண்ணும் சைபருமா ஒரு வரிசை அனுப்புவோம். பாத்தா குருட்டாம்போக்கா எழுதின மாதிரி இருக்கும். ஆனா விதி உண்டு. அந்தக் கோடியில இருக்கிறவன் அதே விதியில தானும் போட்டு, வந்ததோட ஒப்பிட்டுக்குவான். எஞ்சினியர் இந்த விதிய பிரெஞ்சுல பொலினோம்னு சொல்றார். இதுல ஒண்ணும் ஒண்ணும் கூட்டினா சைபர். நீ கடைசி அஞ்சு எண்ண எடுத்துக்கோ. அதுல மொதலும் மூணாவதும் ஒண்ணா இருந்தா சைபர், வேறயா இருந்தா ஒண்ணு. அதக் கடைசியில சேரு. மறுபடியும் கடைசி அஞ்சு. அஞ்சும் சைபரா ஆரம்பிச்சா எத்தன தூரம் போனாலும் சைபர்தான், அதனாலதான் வேணாம்னேன். போட்டுப் பாருக்கா. சரின்னா ஒரு வரி எழுது."

தந்தியின் பின்புறத்தில் போட்டாள். ஒன்று, சைபர், ஒன்று, ஒன்று, சைபர். பிறகு சைபர். பிறகு வரிசையாக ஐந்து ஒன்று. மூன்று சைபர். இரண்டு ஒன்று. பதினேழாவது, சைபர்.

எங்கோ தவறியிருக்கும் என்று மறுபடி போட்டாள். சைபர்தான். பதினாறு என்று சொல்லியிருந்தால் ஒன்று. பதினெட்டு என்று சொல்லியிருந்தாலும் ஒன்று. ஐந்து எண்ணும் அவள் கொடுத்தது, இடமும் அவள் சொன்னது. மூன்று வருஷமாகத் தம்பியைத் திருடனாக்கி வைத்திருந்தாள்.

"என்னாடி எழுதற?" கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள். "ரேமோன் கடுதாசியா?"

"ஆமாம்மா."

"என்னாவாம்?"

"ஒரு கணக்கு அனுப்பியிருக்கான். சரி பாக்கச் சொல்லி."

"சரியா இருக்கா?"

"சரியாத்தாம்மா போட்டிருக்கான்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப இன்னிக்கே பதில் போடு. பாவம், காத்துக்கினு இருப்பான்."